திருவனந்தபுரம்–மங்களூரு கடலோரப் பாதையை 160, 200 கி.மீ. வேகத்துக்கு உயர்த்த முடியுமா?

கேள்வி இது: "கேரளத்தின் கடலோர ரயில் பாதை எப்போதும் நெரிசலாகவே இருக்கிறது. வந்தே பாரத் வந்த பிறகும் சராசரி வேகம் பெரிதாக ஏறவில்லை. இருக்கும் பாதையையே 160 அல்லது 200 கி.மீ. வேகத்துக்கு மாற்ற முடியாதா? மாற்றினால் கூடுதல் ரயில்களும் கிடைக்குமா? நாகர்கோவில் பக்கம் இருப்பவர்களுக்கு அதில் என்ன பயன்?"

முதல் பாதிக்குச் சுருக்கமான விடை: 110 வரை பெரும்பகுதி முடியும். 130 சில நீளங்களில் முடியும், அதற்கும் நிறைய வேலை இருக்கிறது. 160, 200 என்றால் அது பழைய பாதையைச் சீர்செய்யும் வேலையே அல்ல, புதுப் பாதை போடும் வேலை. வேகத்தை ஏற்றினால் ரயில்களின் எண்ணிக்கையும் தானாக ஏறிவிடும் என்ற நினைப்பு தவறு. பெரும்பாலும் குறையவே செய்யும்.

முதலில் இந்தப் பாதை எப்படி உருவானது என்று பார்க்க வேண்டும். ஒரே மூச்சில் திட்டமிட்டுப் போட்ட பாதை அல்ல இது. வடக்கே பேப்பூர்–திரூர் துண்டு 1861இல் வந்தது. ஷொரணூர்–எர்ணாகுளம் பாதையைக் கொச்சி சமஸ்தானம் 1902இல் மீட்டர் கேஜில் திறந்தது. 1930களில்தான் அது அகலப் பாதையானது. தெற்கே கொல்லம்–திருவனந்தபுரம் 1918. எர்ணாகுளத்திலிருந்து கோட்டயம் வழியாகக் கொல்லம் வரை 1950களில் மீட்டர் கேஜ் போட்டு, 1970களின் நடுவில் அகலப்படுத்தினார்கள். ஆலப்புழை வழி 1989–92இல் வந்தது. தண்டவாளத்தின் அகலம் மாறினாலும், எர்ணாகுளத்துக்குத் தெற்கிலும் வடக்கிலும் பாதை வளைந்து போகும் தடம் பெரும்பாலும் பழையதுதான். குன்றைச் சுற்றி, ஆற்றின் குறுகலான இடத்தைத் தேடி, கோயிலையும் தோப்பையும் ஒதுக்கிப் போன தடம் அது. ஷொரணூருக்கு வடக்கே மங்களூரு வரையிலான 307 கி.மீ. ஒப்பீட்டளவில் நேராக இருக்கிறது. ஷொரணூர்–எர்ணாகுளம் இடையிலான 107 கி.மீ.யில் நெடுங்காலம் உச்ச வேகமே 80தான்.

2023 ஏப்ரலில் வந்தே பாரத் ஓடத் தொடங்கியபோது திருவனந்தபுரம்–காசர்கோடு ஏறத்தாழ 588 கி.மீ.யை அது எட்டு மணி நேரம் ஐந்து நிமிடத்தில் கடந்தது. சராசரி 73 கி.மீ. 160இல் ஓடக்கூடிய வண்டி 73இல் போகிறதென்றால் குறை வண்டியில் இல்லை.

வளைவிலிருந்து தொடங்குவோம். வளைவில் வெளிப்பக்கத் தண்டவாளத்தை உயர்த்திப் போடுவார்கள். அந்த உயரம்தான் கேன்ட். வேகத்துக்குத் தேவையான கேன்ட் முழுவதையும் கொடுக்க முடியாதபோது, துண்டு விழுவதைக் கேன்ட் குறைவு என்பார்கள். பயணி பக்கவாட்டில் தள்ளப்படுவதாக உணர்வது அதனால்தான். நம் அகலப் பாதையில் கணக்கு எளிது: வளைவின் ஆரத்தை மீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள், கேன்டையும் கேன்ட் குறைவையும் மில்லிமீட்டரில் கூட்டி அத்துடன் பெருக்குங்கள், வர்க்கமூலம் எடுத்து 0.27ஆல் பெருக்கினால் வேகம் வந்துவிடும். கேன்ட் அதிகபட்சம் 165 மி.மீ.; கேன்ட் குறைவு வழக்கமாக 75, நல்ல பாதையில் 100 வரை.

875 மீட்டர் ஆரமுள்ள வளைவு ஒன்றை எடுப்போம். ரயில்வேக்காரர்கள் இதை இரண்டு டிகிரி வளைவு என்பார்கள். 165ஐயும் 100ஐயும் முழுதாகப் பயன்படுத்தினால் 130 கி.மீ. கிடைக்கிறது. ஆனால் அந்த 165ஐ அங்கே கொடுக்க முடியாது. காரணம் சரக்கு ரயில். அதே வளைவில் 60 கி.மீ. வேகத்தில் போகும் சரக்கு ரயிலுக்குத் தேவையான கேன்ட் சுமார் 56 மி.மீ. மட்டுமே. தேவைக்கு மேல் 75 மி.மீ. வரைதான் அனுமதி. ஆகவே 131 மி.மீ.யோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்த வரம்பை மீறினால் சரக்கு வண்டியின் பாரம் அளவுக்கு மீறி உள்பக்கத் தண்டவாளத்தின் மேல் சாய்ந்து அதன் தலையை நசுக்கித் தட்டையாக்கிவிடும். 131 கேன்ட், 100 குறைவு என்று போட்டால் வேகம் 121. ஒரே பாதையில் சரக்கும் அதிவேகமும் ஓட வேண்டும் என்ற ஒரே காரணத்தால் 9 கி.மீ. போய்விட்டது. நான்கு டிகிரி வளைவு, அதாவது 437 மீட்டர் ஆரம் என்றால், சரக்கை மறந்துவிட்டு எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்தாலும் 92ஐத் தாண்டாது. மறுபக்கமாகப் பார்த்தால், 160க்குக் குறைந்தது 1,325 மீட்டர் ஆரம் வேண்டும். 200க்கு 2,070 மீட்டர். ஜப்பானியர்கள் 1964இல் திறந்த தொகைடோ ஷின்கான்சென் புல்லட் ரயில் தடத்தில் 2,500 மீட்டருக்குக் குறைந்த வளைவு வேண்டாம் என்று வைத்துக்கொண்டது 210 கி.மீ. வேகத்தை மனத்தில் வைத்துத்தான்.

"கேன்டைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் போதுமே" என்று தோன்றும். களத்தில் அது எப்படி விரிகிறது என்று அதே 875 மீட்டர் வளைவிலேயே பார்க்கலாம். இப்போது அங்கே கேன்ட் 100 மி.மீ., வேகம் 100 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நேர்ப்பாதையிலிருந்து வளைவுக்குள் நுழையும் இடத்தில் கேன்ட் மெல்ல மெல்ல ஏற வேண்டும். அந்த இடைவளைவின் நீளம் கேன்ட், வேகம் இரண்டின் பெருக்கலோடு வளரும். இப்போதுள்ள நிலைக்கு 80 மீட்டர் போதும். கேன்டை 131ஆக்கி வேகத்தை 120க்கு ஏற்றினால் 126 மீட்டர் ஆகிறது. இடைவளைவு நீண்டால் வளைவு முழுவதும் உள்பக்கம் நகர்ந்தாக வேண்டும். 80 மீட்டருக்கு 30 செ.மீ. நகர்வு, 126 மீட்டருக்கு 75 செ.மீ. ஆக, ஓடிக்கொண்டிருக்கும் பாதையை இன்னும் 45 செ.மீ. உள்ளே தள்ள வேண்டும்.

45 செ.மீ. என்றால் முழங்கை நீளம்தானே என்று நினைத்துவிடக் கூடாது. உள்பக்கம் மண்கரையின் தோள் அந்த அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும். அங்கே பிளாட்பாரமோ பாலத்தின் கர்டரோ இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. மேலே மின்கம்பி வளைவில் பாதை நடுக்கோட்டிலிருந்து 30 செ.மீ.க்குள் நிற்க வேண்டும். பாதை 45 செ.மீ. நகர்ந்தால் கம்பியும் கூடவே நகர வேண்டும், பல இடங்களில் கம்பமே மாறும். கேன்ட் 31 மி.மீ. ஏறினாலே ஐந்தரை மீட்டர் உயரத்தில் பான்டோகிராஃப் (மின்கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் கூரைச் சட்டம்) கிட்டத்தட்ட 10 செ.மீ. சாய்கிறது, அதையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும். அடுத்தது தண்டவாளம். நீளமாகப் பற்றவைத்த தண்டவாளத்தை வளைவின் உள்பக்கம் தள்ளினால் அதற்குத் தேவையான நீளம் குறைகிறது. அரை கிலோமீட்டர் வளைவில் சுமார் 25 செ.மீ. மிச்சப்படும். அதை வெட்டி எடுத்து, டி-ஸ்ட்ரெஸ்ஸிங் செய்து (தண்டவாளத்துக்குள் தேங்கிய இறுக்கத்தை விடுவித்து) மறுபடி பற்றவைக்க வேண்டும். வெட்டாமல் அப்படியே நெருக்கி உட்காரவைத்தால், அடுத்த கோடையில் மதிய வெயிலில் பாதை பாம்பு போல நெளியும்.

இதையெல்லாம் எப்போது செய்வது? நெரிசல் பாதையில் வேலைக்குக் கிடைப்பது நள்ளிரவுக்குப் பிந்தைய இரண்டரை மணி நேர லைன் பிளாக், அதாவது ரயில் எதுவும் விடாமல் பாதையை வேலைக்கு ஒப்படைக்கும் நேரம். கடைசி ரயில் போய், ஸ்டேஷன் மாஸ்டர் பிளாக் கொடுத்து, மின்சாரம் நிறுத்தி, பாதுகாப்புக்காகக் கம்பியை இரு முனையிலும் தரையோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டி, ஜல்லியை இறுக்கும் டாம்பிங் மெஷின் பக்கத்து ஸ்டேஷன் சைடிங்கிலிருந்து வேலையிடத்துக்கு வந்து சேர 25 நிமிடம். திரும்பிப் போய்ப் பாதையை ஒப்படைக்க இன்னொரு 25. மிஞ்சும் 100 நிமிடத்தில் மெஷின் ஒன்றரை கிலோமீட்டர் ஜல்லியை இறுக்கித் தந்தால் நல்ல இரவு. அதுவும் சில சென்டிமீட்டர் நகர்த்தலுக்குத்தான். அரை மீட்டர் நகர்த்தல் என்றால் பக்கத்தில் கரையை அகலப்படுத்தி, அங்கே புதுப் பாதையைத் தயாராகப் போட்டு, ஒரு நீண்ட பிளாக்கில் இரு முனையையும் வெட்டி இணைப்பதே புத்திசாலித்தனம். மறுநாள் காலை முதல் ரயில் அந்த இடத்தை 20 கி.மீ. வேகத்தில்தான் கடக்கும், ஜல்லி இறுக இறுக 45, 75 என்று நாள்கணக்கில் ஏறும். நெரிசல் பாதையில் இப்படி ஒரே நேரத்தில் நான்கைந்து இடத்தைத் திறந்துவைத்தால் அன்றைய கால அட்டவணை காகிதத்தோடு சரி.

சரி, 130 வேண்டாம், வேறு எங்கே நேரம் கிடைக்கும்? மிகக் குறைந்த வேகத்தில் ஊரும் இடங்களில். ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு 30 கி.மீ. வேகக் கட்டுப்பாடு இருக்கிறது என்று வையுங்கள்: பழைய பாலம், அல்லது கூர்மையான வளைவு. 110இல் வரும் அரை கிலோமீட்டர் நீள ரயில் பிரேக் போட்டு, கடைசிப் பெட்டி தாண்டும்வரை ஊர்ந்து, மறுபடி வேகம் பிடிக்க ஏறத்தாழ மூன்று நிமிடம் இழக்கிறது. 110க்குப் பதில் 130இல் ஓடினால் கிலோமீட்டருக்கு மிச்சமாவது ஐந்து விநாடி. அந்த மூன்று நிமிடத்தை மீட்க 36 கி.மீ. தூரம் ஓரிடத்திலும் குறைக்காமல் 130இல் ஓட வேண்டும். கேரளத்தில் அப்படியொரு 36 கி.மீ. எங்கே இருக்கிறது? ஆகவே முதல் ரூபாய் போக வேண்டிய இடம் உச்ச வேகம் அல்ல, அடிமட்ட வேகங்கள். ஒவ்வொரு நிரந்தரக் கட்டுப்பாட்டையும், அது தின்னும் நிமிடத்தையும், அதை நீக்க ஆகும் செலவையும் எழுதி, நிமிடத்துக்கு எவ்வளவு ரூபாய் என்று வரிசைப்படுத்தினால் எங்கே கைவைப்பது என்பது தானே தெரியும். அந்தப் பட்டியலின் தலையில் பெரும்பாலும் ஸ்டேஷன் நுழைவாயில்கள்தான் வரும். பழைய 1:8.5 பாயிண்ட் (ரயிலைத் தடம் மாற்றிவிடும் இணைப்பு; இரண்டாம் எண் பெரிதானால் திருப்பம் மென்மை) வழியாக, மெயின் லைனை விட்டு ஒதுங்கி நிற்கும் லூப் லைனுக்குள் 15 கி.மீ. வேகத்தில்தான் நுழையலாம், 1:12 பாயிண்டில் 30, தடித்த நாக்கு வைத்த புதுவகையில் 50 வரை. 700 மீட்டர் சரக்கு ரயில் 15இல் உள்ளே வந்தால், அதன் வால் மெயின் லைனை விட்டு நீங்கவே கிட்டத்தட்ட மூன்று நிமிடம். பின்னால் வரும் எக்ஸ்பிரஸ் அதுவரை வெளி சிக்னலில் காத்துக் கிடக்கும்.

அடுத்தது கொள்ளளவு. ஊடகங்களில் அதிகம் தப்பாகச் சொல்லப்படுவது இதுதான். எர்ணாகுளம்–ஷொரணூர் 107 கி.மீ.யைக் கணக்குக்கு எடுப்போம். எல்லா இடத்திலும் நிற்கும் பாசஞ்சர் சராசரி 45 கி.மீ. என்றால் 143 நிமிடம். எக்ஸ்பிரஸ் 65இல் 99 நிமிடம். இரண்டு ரயில்களுக்கு இடையே 8 நிமிடம் விட வேண்டும் என்றால், பாசஞ்சர் கிளம்பி 52 நிமிடம் கழித்துத்தான் எக்ஸ்பிரஸை விடலாம். அதற்கு முன் விட்டால் வழியில் முட்டி நிற்கும். இப்போது அதே எக்ஸ்பிரஸை சராசரி 100க்கு ஏற்றுங்கள். 64 நிமிடத்தில் போய்விடும். ஆனால் இடைவெளி 87 நிமிடமாகிறது. ஒரு ரயிலை வேகப்படுத்தியதில் பாதையின் 35 நிமிடம் போய்விட்டது. இடையில் லூப் லைனில் பாசஞ்சரை ஒதுக்கி இதை உடைக்கலாம், உடைக்கிறார்கள். அதன் விலையைத்தான் பாசஞ்சர் பயணி சிறு ஸ்டேஷனில் கால்மணி, அரைமணி நின்று செலுத்துகிறார். வந்தே பாரத் வந்த புதிதில் ஆலப்புழை வழிப் பயணிகள் எழுப்பிய கூக்குரலுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கூட்டல் கழித்தல்தான்.

தானியங்கி சிக்னல் இதில் பாதி நோய்க்கு மருந்து. இரண்டு ஸ்டேஷனுக்கு இடையே ஒரே ரயில் என்ற பழைய முறையில், ஸ்டேஷன் இடைவெளி 8 கி.மீ. என்றால் பத்துப் பதினோரு நிமிடத்துக்கு ஒரு ரயில். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சிக்னல் வைத்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று விடலாம். ஆனால் இது ஒரே வேகத்தில் போகும் ரயில்களுக்கு மட்டும். வேக வித்தியாசம் அப்படியே இருந்தால் சிக்னலை எவ்வளவு நெருக்கினாலும் 87 நிமிடம் 84 ஆகும், அவ்வளவுதான். இன்னொரு பக்கம், ரயில்கள் நெருங்கினால் ஒரே மின்பகுதியில் அதிக இன்ஜின்கள் இழுக்கும். வோல்டேஜ் விழும், வண்டிகள் வேகம் பிடிக்கத் திணறும். துணை மின்நிலையத்தையோ அதிக மின்சாரம் தரும் 2×25 கிலோவோல்ட் முறையையோ சேர்த்தே திட்டமிடாவிட்டால் சிக்னலுக்குப் போட்ட பணம் பாதிதான் வேலை செய்யும்.

வேக வித்தியாசத்தைக் குறைக்கும் மலிவான வழி ஒன்று உண்டு, ஏனோ யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை: வேகமான ரயிலை இன்னும் வேகமாக்குவதற்குப் பதில் மெதுவான ரயிலை வேகமாக்குவது. இன்ஜின் இழுக்கும் பாசஞ்சரை எடுத்துவிட்டு மெமு (தனி இன்ஜின் இல்லாமல் பெட்டிகளிலேயே மோட்டார் வைத்த மின்ரயில்) விட்டால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறத்தாழ ஒரு நிமிடம் மிச்சம். இருபது நிறுத்தத்துக்கு இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் பின்னால் வரும் எக்ஸ்பிரஸுக்கும் சேர்த்துக் கிடைப்பது.

சந்திப்புகளை விட்டுவிடக் கூடாது. காயங்குளத்தில் கோட்டயம் வழியும் ஆலப்புழை வழியும் தரைமட்டத்திலேயே பிரிகின்றன. ஒரு திசையில் பிரிந்து போகும் ரயில் எதிர்த்திசைப் பாதையை வெட்டிக்கொண்டுதான் போக முடியும். அந்த மூன்று நான்கு நிமிடம் எதிர்த்திசையும் அடைப்பு. எர்ணாகுளத்தில் இரண்டும் மறுபடி சேரும்போது இதே கதை. ஷொரணூர்–வள்ளத்தோள் நகர் இடையே பாரதப்புழையை ஒட்டிய சிறு துண்டு நெடுங்காலம் ஒற்றைப் பாதையாகவே கிடந்து, இரு பக்கமும் இரட்டைப் பாதை போட்ட பயனைக் கழுத்தில் பிடித்து நெரித்தது. முப்பது கிலோமீட்டர் மூன்றாம் பாதையைவிட இப்படியொரு முடிச்சை ஒரு ரயில் மேம்பாலம் கட்டி அவிழ்ப்பது அதிகப் பலன் தரும். திறப்பு விழாவுக்கு நீளமான பாதைதான் அழகு என்பது வேறு விஷயம்.

கேட்டுகள். 130இல் ரயில் விநாடிக்கு 36 மீட்டர் போகிறது. கேட் மூடிப் பூட்டிய பிறகுதான் சிக்னல் பச்சையாகும். ஓட்டுநர் வேகத்தைக் குறைக்காமல் வர வேண்டுமானால் இரண்டு கிலோமீட்டருக்கு முன்பே, டிஸ்டன்ட் சிக்னலில், அவருக்குப் பச்சை தெரிய வேண்டும். இரு திசையிலும் ஐந்தைந்து நிமிடத்துக்கு ரயில் வந்தால் அந்த கேட் நாள் முழுக்க மூடியே கிடக்கும். ஆக, தானியங்கி சிக்னல் என்றாலே கேட்டுகளை ஒழிப்பது அதோடு சேர்ந்த வேலை. கேரளத்தில் மேம்பாலத்தின் சாய்தளம் இறங்குமிடத்தில் கடைகளும் வீடுகளும் நெருக்கியடித்து நிற்கும். சுரங்கப் பாதை வெட்டினால் கடலோர நிலத்தடி நீர்மட்டத்தில் ஜூன் தொடங்கி அது குளம். பம்ப் வைக்காத சுரங்கப் பாதை மழைக்காலத்தில் இல்லாததற்குச் சமம்.

கடலோரம் என்பதற்கென்றே சில தொல்லைகள் உண்டு. உப்புக்காற்றில் தண்டவாளத்தின் அடிப்பாகம், குறிப்பாகக் கிளிப்புக்கு அடியில் லைனர் என்ற சிறு தகடு உட்காரும் இடம், யார் கண்ணிலும் படாமல் அரிக்கும். மேலே தலை பளபளவென்று இருக்கும்; கிளிப்பைக் கழற்றிப் பார்த்தால் அடியில் தகடு தகடாக உதிரும். இரும்பு லைனருக்குப் பதில் கண்ணாடியிழை நைலான் லைனர், அரிப்புத் தடுப்புப் பூச்சு, முறை தவறாமல் கிளிப்பைக் கழற்றிக் கிரீஸ் போடுவது ஆகிய மூன்றும் இருந்தால் தண்டவாளம் தன் ஆயுளை எட்டும். இல்லாவிட்டால் தேய்மானத்துக்கு முன்பே துரு அதை மாற்றவைக்கும். தலையில் துரு படியும் லூப் லைன்களில், தண்டவாளத்தில் ஓடும் மின்சாரத்தால் ரயிலைக் கண்டறியும் டிராக் சர்க்யூட் ரயிலைக் காணாமல் விட வாய்ப்பு உண்டு. சக்கர அச்சுகளை எண்ணும் ஆக்சில் கவுண்டர் வைப்பது பாதுகாப்பு. மின்கம்பி இன்சுலேட்டரில் உப்புப் படிந்து, முதல் தூறல் விழும் இரவில் பொறி பறக்கும். மழை கொட்டும்போது இந்தத் தொல்லை இல்லை, கழுவிவிடும். ஆபத்து அந்த முதல் ஈரத்தில்தான். மின்சாரம் மேற்பரப்பில் கசிய நீண்ட தூரம் ஊர வேண்டியிருக்கும்படி அமைந்த இன்சுலேட்டரும் பருவமழைக்கு முந்திய துடைப்பும் அதற்காகத்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரியது அடிமண். கொச்சியைச் சுற்றிய காயல் கரைகளிலும் குட்டநாட்டு ஓரங்களிலும் இருப்பது கடற்களிமண். அதன் மேல் புதுக் கரை போட்டால் வருடக்கணக்கில் அமுங்கும். பழைய பாதையை ஒட்டி இரண்டாவது கரை போட்டால் பழையதையும் இழுத்துக்கொண்டு அமுங்கும். பாலத்தின் முனையைத் தாங்கும் அபட்மென்ட் மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய பைல் தூண்கள் மேல் நிற்பதால் அமுங்காது, கரை அமுங்கும், இரண்டும் சேரும் இடத்தில் ஒரு படி உருவாகும். ஒவ்வொரு பாலத்துக்கு முன்னும் வண்டி 'தடக்' என்று குதிப்பது அதனால்தான். வடிகால் பட்டைகளைச் செங்குத்தாக இறக்கி, மேலே அதிகப்படி மண்ணை ஏற்றி, பல மாதங்கள் அமுங்கவிட்டுப் பிறகு பாதை போடுவது முறை. ஒப்பந்தக் காலம் நெருங்குகிறது என்று அந்தக் காத்திருப்பை வெட்டினால், மிச்ச அமுங்கலை ஓடும் பாதையில் ஜல்லி போட்டுப் போட்டு ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

வேகம் ஏறும்போது களிமண் இன்னொரு வேலையும் செய்யும். ஸ்வீடனின் மேற்குக் கடற்கரைப் பாதையில், கோத்தன்பர்க்குக்குத் தெற்கே லெட்ஸ்கோர்ட் என்ற இடத்தில், 1990களின் பிற்பகுதியில் எக்ஸ்2000 ரயில்கள் 200 கி.மீ. வேகத்தில் ஓடத் தொடங்கியதும் கரையே அலை போல ஆடியது. அந்த மென்மண்ணில் அதிர்வலை போகும் வேகமே விநாடிக்கு 40–45 மீட்டர்தான், அதாவது மணிக்கு 160 கி.மீ. வரை. ரயில் அதைத் தாண்டிப் போனதால், தான் எழுப்பிய அலையின் மேலேயே ஏறி ஓடியது. வேகத்தைக் குறைத்து, அடிமண்ணில் சுண்ணாம்பு–சிமென்ட் தூண்களை இறக்கி உறுதிப்படுத்திய பிறகுதான் சரியானது. காயல் ஓரத்தில் 160, 200 என்று பேசுபவர்கள் வளைவைப் பார்ப்பதற்கு முன் மண்ணில் அதிர்வலை வேகத்தை அளந்து பார்ப்பது நல்லது.

அதே ஸ்வீடன் பாதையில் ஹாலண்ட்ஸோஸ் என்ற மேட்டுத்தொடர் குறுக்கே நின்றது. பழைய ஒற்றைப் பாதை வளைந்து ஏறியதால் மணிக்கு நான்கு ரயில்தான் போக முடிந்தது. 8.7 கி.மீ. இரட்டைச் சுரங்கம் தோண்ட 1992இல் தொடங்கினார்கள். தண்ணீர் பீறிட்டது, அதை அடைக்கச் செலுத்திய ரசாயனக் கலவை 1997இல் ஓடையில் கலந்து மீன்கள் செத்தன, மாடுகள் நடக்க முடியாமல் விழுந்தன, வேலை பல ஆண்டுகள் நின்றது. 2015 டிசம்பரில்தான் ரயில் ஓடியது. இன்று அங்கே மணிக்கு 24 ரயில் விடலாம். கிடைத்த பலன் உண்மை. எடுத்த 23 ஆண்டும் உண்மை. நம் பக்கத்திலும் கோட்டயம் வழி இரட்டைப் பாதை ஏறத்தாழ இருபது ஆண்டு இழுத்து, ஏற்றுமானூர்–சிங்ஙவனம் துண்டு 2022 மே மாதம் திறந்தபோதுதான் நிறைவடைந்தது. அதிலும் கோட்டயம் அருகே இருந்த இரண்டு பழைய சுரங்கங்களைக் கைவிட்டுப் பக்கத்தில் மலையை வெட்டியே வழி எடுத்தார்கள்.

ஆக, 160க்கு மேல் வேண்டுமென்றால் தனி ஜோடிப் பாதைதான். மூன்றாம் பாதை ஒன்றை மட்டும் போடுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஒற்றை மூன்றாம் பாதையை இரு திசைக்கும் பயன்படுத்தும்போது அது மறுபடி ஒற்றைப் பாதையின் எல்லாக் குறையோடும் வரும். இருபது கிலோமீட்டருக்கு ஒருமுறை பாதை விட்டுப் பாதை மாறும் வேகமான கிராஸ்ஓவர் வைத்தால்தான் கொஞ்சமாவது பயன். புது ஜோடி பழையதை ஒட்டியே போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒட்டிப் போனால் அதே வளைவுகள்தான் வரும். திரூருக்கு வடக்கே பழைய பாதை ஓரளவு நேர் என்பதால் அங்கே ஒட்டிப் போகலாம். தெற்கே விலகி நேராகப் போய், பெரிய ஊர்களில் மட்டும் பழைய ஸ்டேஷனுக்குள் நுழையலாம். கேரள அரசு முன்வைத்த சில்வர்லைன் வேக ரயில் திட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான் வரைந்திருந்தது: 529.45 கி.மீ., 200 கி.மீ. வேகம், 63,941 கோடி ரூபாய், திரூர்–காசர்கோடு பழைய பாதையை ஒட்டி, மற்றது தனித்தடம். 2022இல் மஞ்சள் எல்லைக் கற்களைச் சுற்றி எழுந்த எதிர்ப்பில் அது சிக்கியது. நிலம், வெள்ளம், இடம்பெயர்வு பற்றிய அந்த எதிர்ப்பு நியாயமா என்பது தனி விவாதம். பொறியியலாகப் பார்த்தால் எனக்கு உறுத்திய ஒன்று ஸ்டாண்டர்ட் கேஜ், அதாவது நம் அகலப் பாதையைவிடக் குறுகிய தண்டவாள அகலம். அகலப் பாதையிலும் 200 ஓட்டலாம். அகலப் பாதையாக இருந்தால், அறுபது கிலோமீட்டர் முடிந்த அன்றே இன்றைய எக்ஸ்பிரஸ்களை அதில் ஏற்றி, பழைய பாதையைப் பாசஞ்சருக்கும் சரக்குக்கும் விடலாம். தனி கேஜ் என்றால் முழு நீளத்தில் பெரும்பகுதி முடியும்வரை போட்ட பணம் சும்மா கிடக்கும். ஜப்பான் தனி கேஜில் வென்றது உண்மைதான். ஆனால் அவர்களுடைய பழைய பாதை 1,067 மி.மீ. குறும்பாதை, அதில் ஓடும் வண்டிகளை ஏற்றிப் பயனில்லை. நம்முடையது ஏற்கெனவே 1,676.

நாகர்கோவில் பற்றிக் கேட்டதற்கும் விடை இந்த கேஜில்தான் இருக்கிறது. திருவனந்தபுரம்–நாகர்கோவில் 71 கி.மீ. 1979இல் ஒற்றை அகலப் பாதையாக வந்தது. அதன் இரட்டிப்பு துண்டு துண்டாக நடக்கிறது. மதுரை–திருநெல்வேலி–நாகர்கோவில் பக்கம் இரட்டைப் பாதை முடிந்துவிட்டதால், கேரளம் நோக்கி வடக்கே போகும் ரயில் இப்போது திருவனந்தபுரம்–நாகர்கோவில் துண்டில்தான் எதிர்வண்டிக்காகக் காத்துக் கிடக்கிறது. புது ஜோடி அகலப் பாதையாக வந்தால் நாகர்கோவிலில் ஏறுபவர் இறங்காமலே எர்ணாகுளம் தாண்டிப் போவார். ஸ்டாண்டர்ட் கேஜாக வந்தால், சில்வர்லைன் வரைபடத்தில் இருந்ததுபோலத் திருவனந்தபுரத்தின் கொச்சுவேளியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டி மாற வேண்டும்; புதுப் பாதையில் மிச்சமான நேரத்தில் ஒரு பங்கு அந்தப் பிளாட்பாரத்திலேயே போய்விடும்.